பிரிட்டனில் மூன்றாவது கட்சி பெரிய கட்சியாக முடியுமா?

லேபர், கன்சர்வேட்டிவ் இரண்டையும் தாண்டி பிரிட்டனில் வேறொரு கட்சி பெரிய சக்தியாக வர முடியுமா, லிபரல் டெமாக்ரட்டுகள் இத்தனை வருடமாக முட்டி மோதியும் ஏன் அங்கேயே நிற்கிறார்கள், நைஜல் ஃபராஜின் வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் யுகே மட்டும் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று கேள்விக்கும் பதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

வர முடியும். ஆனால் மூன்றாவது கட்சியாகவே இருந்துகொண்டு முடியாது. முதல் இரண்டில் ஒன்றைக் கீழே தள்ளிவிட்டு அந்த இடத்தில் போய் உட்கார வேண்டும். கடந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அது ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. இரண்டாவது தடவை நடப்பதற்கான வாய்ப்பு இப்போது இருக்கிறது என்பது என் கணிப்பு. அது லிபரல் டெமாக்ரட்டுகளால் நடக்கப்போவதில்லை.

தேர்தல் முறையை நம் ஊர் ஆட்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை, இந்தியா அதை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. தொகுதியில் யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவர் எம்.பி., பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இரண்டாவதாக வந்தவருக்கு எதுவும் கிடையாது. மொத்தம் 650 தொகுதிகள். டெபாசிட் 500 பவுண்டு, 5 சதவீத ஓட்டு வாங்காவிட்டால் போச்சு. (நம்மிடம் ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்கியாக வேண்டும், அந்த விஷயத்தில் அவர்கள் தாராளம்தான்.) இந்த முறையில் மொத்த ஓட்டு எவ்வளவு என்பதைவிட, அந்த ஓட்டு எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். ஊரெல்லாம் சீராகத் தூறினால் எந்தக் குளமும் நிரம்பாது.

இதற்கு 1983-ஐ விட நல்ல உதாரணம் கிடையாது. லேபர் கட்சி ரொம்ப இடதுசாரியாகப் போய்விட்டது என்று சொல்லி 1981-ல் நான்கு பெரிய தலைவர்கள், ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராஜர்ஸ், தனிக்கட்சி ஆரம்பித்தார்கள். சோஷியல் டெமாக்ரடிக் கட்சி, சுருக்கமாக எஸ்.டி.பி. என்று பெயர். நான்கு பேரும் அமைச்சர்களாக இருந்தவர்கள், ஜென்கின்ஸ் நிதியமைச்சராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்தவர், அதாவது கட்சியில் சீட் கிடைக்காமல் வெளியே வந்த ஆட்கள் இல்லை. பழைய லிபரல் கட்சியோடு கூட்டணி போட்டார்கள். அந்த வருடக் கடைசியில் ஒரு காலப் கருத்துக்கணிப்பில் கூட்டணிக்கு 50 சதவீதத்துக்கும் மேலே காட்டியது. லிபரல் தலைவர் டேவிட் ஸ்டீல் கட்சி மாநாட்டில் தொண்டர்களிடம், ஊருக்குத் திரும்பிப் போய் ஆட்சி நடத்தத் தயாராகுங்கள் என்றார். இன்றைக்கும் பிரிட்டனில் யாராவது அவசரப்பட்டுக் கனவு கண்டால் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் கிண்டல் செய்கிறார்கள்.

1982-ல் ஃபாக்லாந்து போர் வந்தது, கன்சர்வேட்டிவ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் செல்வாக்கு எகிறியது. ஆனாலும் 1983 ஜூன் தேர்தலில் கூட்டணி 25.4 சதவீதம் வாங்கியது. லேபர் 27.6. வித்தியாசம் இரண்டே சொச்சம்! இடங்கள்? லேபருக்கு 209, கூட்டணிக்கு 23. லேபருக்கு ஒரு எம்.பி. கிடைக்க சுமார் 40,000 ஓட்டு போதுமாக இருந்தது, கூட்டணிக்கோ 3,38,000 தேவைப்பட்டது. சுரங்கத் தொழிலாளர் ஊர்கள், துறைமுகங்கள், நகராட்சி வீடுகள் நிறைந்த நகர்ப்பகுதிகள் என்று லேபருக்கென்று கோட்டைகள் இருந்தன, மற்ற இடத்தில் எல்லாம் மண்ணைக் கவ்வினாலும் அங்கே ஜெயித்துவிடும். கூட்டணிக்கு ஆசிரியர், மருத்துவர், கடைக்காரர், சலித்துப்போன லேபர்காரர், தாட்சரைப் பிடிக்காத டோரிக்காரர் (டோரி என்றால் கன்சர்வேட்டிவ்தான்) என்று எல்லா ஊரிலும் கொஞ்சம் கொஞ்சம் பேர். 300க்கும் மேற்பட்ட தொகுதிகளில் இரண்டாவது இடம். 1987-ல் இன்னொரு தடவை முயன்று 22 இடத்தோடு நின்று, அடுத்த வருடம் இரண்டு கட்சிகளும் இணைந்து இன்றைய லிபரல் டெமாக்ரட் ஆனார்கள்.

இதே கணக்கின் மறுபக்கத்தை 2015-ல் ஒரே ராத்திரியில் பார்க்கலாம். ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, எஸ்.என்.பி., நாடு முழுவதையும் வைத்துப் பார்த்தால் 4.7 சதவீதம்தான், சுமார் 14.5 லட்சம் ஓட்டு. ஆனால் அத்தனையும் ஸ்காட்லாந்தில், அங்கே பாதி ஓட்டு அவர்களுக்கு. 59 தொகுதியில் 56-ஐ வாரிக்கொண்டு போனார்கள். அதே ராத்திரி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்ற நைஜல் ஃபராஜின் அப்போதைய கட்சியான யூகிப்புக்கு 38 லட்சத்துக்கும் மேலே ஓட்டு, 12.6 சதவீதம், கிடைத்தது கிளாக்டன் என்ற ஒரே ஒரு கடலோரத் தொகுதி. ஃபராஜே தோற்றார்.

அதனால் லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 1983 பாடம் கற்றுக்கொடுத்தது, அவர்கள் அதை நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். 1992-ல் 17.8 சதவீதம் வாங்கி 20 இடம். 1997-ல் ஓட்டு 16.8 ஆகக் குறைந்தது, இடமோ 46! எப்படி? எல்லா ஊரிலும் ஓடியாடுவதை விட்டுவிட்டு, ஜெயிக்கக்கூடிய தொகுதியில் மட்டும் ஆளையும் பணத்தையும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவர்கள் வேலை செய்யும் தொகுதியில் நீங்கள் குடியிருந்தால், வாசல் கதவின் லெட்டர் பாக்ஸ் வழியாக 'ஃபோகஸ்' என்ற துண்டறிக்கை மாதக்கணக்கில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். முதல் பக்கத்தில் உள்ளூர் கவுன்சிலர் சாலையில் ஒரு பள்ளத்தைக் காட்டிக்கொண்டு முகத்தைச் சுளித்தபடி நிற்பார். திருப்பினால் மூன்று பட்டை வரைபடம்: டோரியின் நீலப் பட்டை உயரமாக, தங்கள் ஆரஞ்சுப் பட்டை அதைத் தொட்டுவிடும் உயரத்தில், லேபரின் சிவப்புப் பட்டை தரையோடு ஒட்டிக்கொண்டு. மேலே கொட்டை எழுத்தில், லேபர் இங்கே ஜெயிக்க முடியாது. சில சமயம் அந்தப் பட்டைகளின் உயரத்துக்கும் அவற்றில் போட்டிருக்கும் எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது, அதை வைத்து இணையத்தில் ஒரு நகைச்சுவைத் தொழிலே நடக்கிறது. ஆனால் வேலை செய்கிறது. டோரியை விரட்ட நினைக்கும் லேபர்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சுக்குக் குத்திவிட்டு வருகிறார்.

2024 ஜூலையில் இது உச்சத்துக்குப் போனது. 12.2 சதவீத ஓட்டு, 72 இடங்கள், அந்தக் கட்சியின் வரலாற்றிலேயே அதிகம். தலைவர் எட் டேவி பிரசாரத்தில் விண்டர்மியர் ஏரியில் பலகையிலிருந்து தண்ணீரில் விழுந்தார், பஞ்சி ஜம்ப் அடித்தார், எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் முன்னாள் பிரதமர்கள் டேவிட் கேமரனின் பழைய தொகுதி விட்னி, தெரசா மேயின் மெய்டன்ஹெட், போரிஸ் ஜான்சன் முன்பு வைத்திருந்த ஹென்லி மூன்றும் அவர் கட்சிக்குப் போனது. அதே தேர்தலில் ரிஃபார்முக்கு 14.3 சதவீதம், 41 லட்சம் ஓட்டு, 5 இடம். அதாவது லிபரல் டெமாக்ரட்டுகளைவிட ஆறு லட்சம் ஓட்டு அதிகம் வாங்கி, இடத்தில் 67 குறைவு.

சரி, அப்படியானால் லிபரல் டெமாக்ரட்டுகள் ஏன் மேலே போகவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அவர்களை 72-க்குக் கொண்டுவந்த அதே உத்திதான் 72-லேயே நிறுத்தியும் வைக்கிறது. தெற்கு இங்கிலாந்தில் வசதியான ஊர்களில் டோரியைப் பிடிக்காதவர்களின் கட்சி என்பதுதான் இன்றைக்கு அவர்களின் அடையாளம். மான்செஸ்டரிலோ டர்ஹமிலோ ஒரு லாரி டிரைவரிடம் போய் அவர்களுக்கு ஏன் ஓட்டுப்போட வேண்டும் என்று கேட்டால் ஒரு காரணம் கிடைப்பது கஷ்டம். ஒரு வர்க்கமோ பிராந்தியமோ மதமோ அவர்களுடையது என்று கிடையாது. எண்பது தொகுதிக்கு இந்த வித்தை போதும், பெரும்பான்மைக்கு வேண்டிய 326-க்குப் போதாது.

இன்னொன்று, ஆட்சியில் பங்கு கேட்டுப் போய்ச் சூடு பட்டவர்கள். 2010-ல் யாருக்கும் பெரும்பான்மை இல்லை, 57 எம்.பி.க்களோடு அவர்கள் தலைவர் நிக் கிளெக் கன்சர்வேட்டிவ்களோடு கூட்டணி அரசில் சேர்ந்து துணைப் பிரதமர் ஆனார். தேர்தலுக்கு முன்னால், கல்விக் கட்டணத்தை உயர்த்தினால் எதிர்த்து ஓட்டுப்போடுவோம் என்று மாணவர் சங்கத்தின் உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டு, அதைக் கையில் பிடித்துப் போட்டோவுக்கும் நின்றிருந்தார்கள். ஆட்சிக்கு வந்த ஏழு மாதத்தில், 2010 டிசம்பரில், கட்டணத்தின் உச்சவரம்பு 9,000 பவுண்டு ஆனது. அந்தப் போட்டோ அவர்களை விடவே இல்லை. 2015-ல் 57 என்பது 8 ஆனது. தென்மேற்கு இங்கிலாந்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, 341 தொகுதிகளில் டெபாசிட் காலி, அதற்கே 1,70,500 பவுண்டு. அவர்கள் இடத்தைப் பெரும்பாலும் தின்றது யார் என்று பாருங்கள், கூடவே உட்கார்ந்து ஆண்ட கன்சர்வேட்டிவ்தான். அரசு செய்த நல்லது எல்லாம் பெரிய கட்சிக் கணக்கில், கெட்டது எல்லாம் சின்னக் கட்சிக் கணக்கில். கூட்டணிக்குள் போகும் சின்னக் கட்சிக்கு எந்த நாட்டிலும் இருக்கும் ஆபத்துதான், ஆனால் பிரிட்டிஷ் தேர்தல் முறை அந்தத் தண்டனையை மூன்று நான்கு மடங்காக்கிக் கொடுக்கிறது.

தேர்தல் முறையையே மாற்றிவிட்டால் என்ன? மூன்றாவது கட்சிகள் காலங்காலமாகக் கேட்பது அதைத்தான். ஜெயித்தவனுக்கு அதில் அக்கறை இருக்காது என்பதுதான் பிரச்சினை. 1997 தேர்தல் அறிக்கையில் லேபர் இதற்கு ஒரு வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொன்னது. ஜெயித்துப் பிரதமரான டோனி பிளேர் அதே ராய் ஜென்கின்ஸை வைத்து ஒரு ஆணையமும் போட்டார், 1998-ல் அறிக்கையும் வந்தது, அலமாரிக்குப் போனது. 179 இடப் பெரும்பான்மையோடு உட்கார்ந்திருப்பவர் எதற்கு மாற்றப் போகிறார்? 2011-ல் கிளெக் ஒரு வாக்கெடுப்பை வாங்கினார், அதுவும் விகிதாச்சார முறைக்கு இல்லை, வேட்பாளர்களை ஒன்று இரண்டு என்று வரிசைப்படுத்தும் முறைக்கு. 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ரிஃபார்மும் 2024 தேர்தல் அறிக்கையில் விகிதாச்சாரம் கேட்டது. ஜெயிக்கும் நிலை வந்தபிறகும் கேட்கிறார்களா என்று பார்ப்போம், எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்த ஒரே ஒரு தடவை என்று சொன்னேனே, அது லேபர் கட்சியின் கதை. 1900 தேர்தலில் அவர்களுக்கு இரண்டே எம்.பி. 1903-ல் லிபரல்களோடு ஒரு ரகசிய ஒப்பந்தம், சில தொகுதிகளில் நீ நில்லாதே, சிலவற்றில் நான் நிற்கமாட்டேன் என்று. அதனால் 1906-ல் 29 இடம். இந்த ஒப்பந்தம் லிபரல்கள் தங்கள் வீட்டுத் திண்ணையில் தாங்களே இடம் கொடுத்த மாதிரிதான். ஆனால் இதை மட்டும் வைத்து லேபர் ஜெயித்துவிடவில்லை. இரண்டு பெரிய சம்பவங்கள் சேர்ந்து வந்தன. 1916-ல் போர் நடக்கும்போதே லிபரல் கட்சி அதன் இரண்டு தலைவர்களான ஆஸ்குவித்தின் ஆட்கள், லாயிட் ஜார்ஜின் ஆட்கள் என்று இரண்டாக உடைந்தது. 1918-ல் ஓட்டுரிமை விரிந்து வாக்காளர் எண்ணிக்கை சுமார் 80 லட்சத்திலிருந்து 2 கோடிக்கும் மேலே போனது, புதிதாக வந்தவர்களில் தொழிலாளர்கள் ஏராளம், அவர்களைத் திரட்டத் தொழிற்சங்கங்கள் தயாராக இருந்தன. 1923 டிசம்பரில் கன்சர்வேட்டிவ் 258, லேபர் 191, லிபரல் 158 என்று தொங்கு நாடாளுமன்றம். லேபர் ஒருமுறை ஆண்டு பார்க்கட்டும், பெரும்பான்மை இல்லாத அரசால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது என்று ஆஸ்குவித் வழிவிட்டார், லேபரின் ராம்சே மெக்டொனால்ட் பிரதமர் ஆனார். அந்த ஆட்சி ஒரு வருடம்கூட நிற்கவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் லிபரல் 40-க்கு விழுந்தது, ஆஸ்குவித் தன் தொகுதியிலேயே தோற்றார். 1951-ல் ஆறு எம்.பி.யும் 2.5 சதவீத ஓட்டும் மிச்சம். 1906-ல் மாபெரும் வெற்றி பெற்று ஆண்ட கட்சி அது!

ஆக, ஒரு பழைய கட்சி உள்ளே உடைய வேண்டும், அதே சமயம் புதிய கட்சிக்குப் பின்னால் ஒரு நிலையான கூட்டம் இருக்க வேண்டும். எஸ்.டி.பி.க்கு இரண்டாவது இல்லை, 2019-ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறும் பிரெக்ஸிட் குழப்பத்தில் 11 எம்.பி.க்கள் சேர்ந்து ஆரம்பித்த சேஞ்ச் யுகேவுக்கு எதுவுமே இல்லை, அந்த வருட முடிவுக்குள் கடையைக் கட்டினார்கள்.

இந்தக் கண்ணோடு ரிஃபார்மைப் பாருங்கள். 2024-ல் கன்சர்வேட்டிவ் 23.7 சதவீதத்தோடு 121 இடத்துக்கு விழுந்தது, அதன் வரலாற்றிலேயே மோசமான தோல்வி. ஆனால் லேபர் ஜெயித்ததும் 33.7 சதவீதத்தில்தான், 411 இடம். 1951-ல் இரண்டு கட்சிக்கும் சேர்த்து 97 சதவீத ஓட்டு இருந்தது, 2024-ல் அது 57. ஒன்று மட்டும் உடைந்து இன்னொன்று வலுவாக இருந்தால் கதை வேறு. இங்கே இரண்டுமே ஒரே நேரத்தில் தேய்ந்து கிடக்கின்றன. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் ரிஃபார்ம் 677 கவுன்சிலர் இடங்களையும் பத்து கவுன்சில்களையும் பிடித்தது. அன்றைக்கே ரன்கார்ன் நாடாளுமன்ற இடைத்தேர்தல்: ஒரு வருடத்துக்கு முன்னால் லேபர் சுளையாக ஜெயித்த தொகுதி, மறுஎண்ணிக்கை முடிந்து வந்த முடிவு ரிஃபார்ம் 12,645, லேபர் 12,639. ஆறே ஓட்டு. அதற்குப் பிறகு 2025-ல் வந்த கருத்துக்கணிப்புகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ரிஃபார்ம் முதலிடம், 30 சதவீதத்தை ஒட்டி.

அந்த 30 என்ற எண் முக்கியம். நாடு முழுக்கப் பரவிக் கிடக்கும் கட்சியை இந்தத் தேர்தல் முறை 15 சதவீதத்தில் நசுக்கும், 25-லும் நசுக்கும் என்பதை 1983-ல் பார்த்தோம். ஆனால் மற்ற ஓட்டுகள் நான்கைந்தாகச் சிதறிக் கிடக்கும்போது 30-ஐ நெருங்கினால், அதே பரவல் திடீரென்று பலமாக மாறிவிடும். எங்கெல்லாம் இரண்டாவதாக வந்தார்களோ அங்கெல்லாம் முதலாவதாக வருவார்கள். கிரீன் கட்சி, எஸ்.என்.பி., வேல்ஸின் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரி எல்லாம் ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டிருப்பதால் ஜெயிப்பதற்கான எல்லைக்கோடு கீழே இறங்கியிருக்கிறது. 1983 கூட்டணிக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை, தாட்சர் 42 சதவீதத்தோடு எதிரே நின்றார்.

ஆனால் ரிஃபார்ம் நிச்சயம் ஜெயிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கட்சியில் ஆள் நிற்பதில்லை. 2024-ல் வந்த ஐந்து எம்.பி.க்களில் இரண்டு பேர் சுமார் ஒரு வருடத்தில் வெளியே போனார்கள். 81 இடத்தில் 57-ஐ வென்று கைப்பற்றிய கென்ட் கவுன்டி கவுன்சிலில் சில மாதத்திலேயே உள்சண்டை வீடியோ வெளியே கசிந்து கவுன்சிலர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். குப்பை, சாலை, முதியோர் பராமரிப்பு என்று நிர்வாகம் செய்ய ஆரம்பித்தால் கைதட்டல் குறையும். அப்புறம், டோரியை விரட்ட லேபர்காரரும் லிபரல்காரரும் கைகோத்த அதே தந்திர ஓட்டு ஃபராஜுக்கு எதிராகவும் திரும்பலாம். 2025 அக்டோபரில் வேல்ஸ் சட்டமன்றத்துக்கான கேர்ஃபிலி இடைத்தேர்தலில் அதுதான் நடந்தது: லேபரின் பாரம்பரியக் கோட்டையில் லேபர் 11 சதவீதத்துக்கு விழுந்தது, ஆனால் ஜெயித்தது ரிஃபார்ம் இல்லை, அவர்களைத் தடுக்கக்கூடியது என்று மக்கள் நினைத்த ப்ளைட் கம்ரி, 47 சதவீதத்தோடு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், 'பெரிய சக்தி' என்றால் இடம் மட்டும்தானா என்பது. 57 எம்.பி.க்களும் ஐந்து கேபினட் அமைச்சர்களும் வைத்திருந்த லிபரல் டெமாக்ரட்டுகள் ஐந்து வருடத்தில் செய்ததைவிட, ஒரு எம்.பி.கூட உருப்படியாக இல்லாத யூகிப் இந்த நாட்டை அதிகம் மாற்றியது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் 1999 முதல் விகிதாச்சார முறையில் நடந்ததால் அங்கே மூன்று இடத்தில் ஆரம்பித்து 2014-ல் 24 இடத்தோடு முதல் கட்சியாக வந்தார்கள். அந்தப் பயத்தில்தான் கேமரன் 2013-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வேண்டாமா என்ற வாக்கெடுப்புக்கு வாக்குறுதி கொடுத்தார், 2016-ல் நாடு வெளியேற ஓட்டுப்போட்டது. பெரிய கட்சியின் ஓட்டைத் தின்றுவிடுவேன் என்று மிரட்ட முடிந்தால் நாடாளுமன்றத்துக்குள் போகாமலே காரியம் ஆகும்.

என் கணிப்பைக் கேட்டால்: லிபரல் டெமாக்ரட்டுகள் ஐம்பது முதல் தொண்ணூறு இடத்துக்குள் நின்று, தொங்கு நாடாளுமன்றம் வந்தால் பேரம் பேசும் கட்சியாக இருப்பார்கள். கிரீன், ஜாக் பொலான்ஸ்கி தலைமைக்கு வந்தபிறகு, பெருநகரங்களில் லேபருக்குத் தலைவலி. வலதுபக்கத்தில்தான் உண்மையான மாற்றம், கன்சர்வேட்டிவும் ரிஃபார்மும் ஒரே ஓட்டுக்கு அடித்துக்கொண்டு இரண்டு கட்சியாக நீண்ட நாள் இருக்க முடியாது. கனடாவில் 1993-ல் ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி இரண்டே இடத்துக்கு விழுந்தது, ரிஃபார்ம் என்ற பெயரிலேயே ஒரு கட்சி 52 இடம் பிடித்தது. ஃபராஜுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர் அதிகம் சொல்லாத பகுதியும் உண்டு. அங்கே வலதுசாரி ஓட்டு பிரிந்து கிடந்தவரை லிபரல்கள்தான் ஆண்டார்கள், 2003-ல் இரண்டும் இணைந்தபிறகுதான் 2006-ல் ஸ்டீபன் ஹார்ப்பர் பிரதமர் ஆனார், பதின்மூன்று வருடம் பிடித்தது.

பிரிட்டனில் அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும். அதுவரை வாரம் ஒரு கருத்துக்கணிப்பு வரும், அதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். 2024-ல் ரிஃபார்ம் இரண்டாவதாக வந்த 98 தொகுதிகளின் பட்டியலை எடுத்து வையுங்கள், அவற்றில் 89-ஐ அப்போது வென்றது லேபர், பெரும்பாலும் வடக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும். அந்த ஊர்களின் கவுன்சில் தேர்தல் முடிவுகளைக் கவனித்தால் போதும்.